அனுப்பினால் எங்கே போகும்?

"அம்மா, இந்தக் கட்டத்துல எழுதறதெல்லாம் எங்கம்மா போகும்?"

அவளுடைய மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி. வெப்சைட்டுக்குப் படிவம் கட்டுவதே பிழைப்பாக இருந்தும், அன்று அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

இன்று, பூட்டிய அறையில், அந்தக் கேள்விதான் மண்டையைக் குடைந்தது.

வேலை இருக்கிறது என்று அழைத்த முதலாளி, அவள் உள்ளே வந்ததும் கதவைப் பூட்டினான். கைப்பையைப் பிடுங்கினான். ஜன்னலில் கம்பி. மேஜையில் ஒரு கம்ப்யூட்டர்.

"ஆஸ்பத்திரியோட வெப்சைட் பக்கம் மாதிரியே இருக்கணும். பேரு, போன், கார்டு நம்பர், ரகசிய எண்... கீழ 'அனுப்பு' பட்டன்."

"நோயாளிங்க பாவம் சார்..."

"மூணு மணிக்குள்ள முடி. இல்லன்னா இங்கயே குடியிரு."

தட்டினாள். கட்டம் கட்டமாகப் படிவம் எழுந்தது.

திடீரென்று மூச்சு இழுத்தது. ஆஸ்துமா.

"நடிக்காத" என்றான் முதலாளி. டீ குடிக்கப் போனான். வெளியே பூட்டு விழுந்தது.

உள்ளே காவலுக்கு நின்றவன், முதலாளியின் மச்சான். அவளுடைய கைப்பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்து நீட்டினான்.

"சீக்கிரம் இழுங்கக்கா. அத்தான் பாத்தா என் தோலை உரிச்சிடுவாரு."

மூச்சு திரும்பியது.

"நீ ஏம்ப்பா இங்க கிடக்கற?"

"என் போனும் அவர்கிட்டதாங்க்கா. பூட்டு உங்களுக்கு மட்டும் இல்ல."

அவள் திரையைப் பார்த்தாள்.

படிவத்தின் தலையில் ஒரு முகவரி இருக்கும். எழுதியதெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அங்கே இருந்தது முதலாளி கொடுத்த முகவரி. அதை அழித்தாள். போலீஸின் புகார்ப் பக்கத்தைப் போன வருடம் கட்டியவள் அவள்தான். மனப்பாடமாயிருந்த அதன் முகவரியை அங்கே இட்டாள்.

படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் இரண்டைச் சேர்த்தாள். முதலாளி படித்துவிடாதபடி, அவற்றுக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் கம்ப்யூட்டரில் அதற்குரிய எண்ணை நிரப்பினாள். அனுப்பும்போது அவை தானே எழுத்தாக மாறிவிடும்.

பூட்டு திறந்தது.

"என்னது, இவ்வளவு நம்பர்?"

அவள் எண்களை மூடிப் படிவத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள்.

"பட்டன் கலருக்கு சார்."

"ம்... எந்திரி. நானே சோதிக்கறேன்."

தன் பெயரை அடித்தான். தன் போன் நம்பரை அடித்தான். அனுப்பு பட்டனை அமுக்கினான்.

'நன்றி' என்றது பக்கம்.

"எனக்கு ஒண்ணும் வரலயே?"

"புதுப் பக்கம் சார். அரை மணி ஆகும்."

"வரலன்னா உன்னை விட மாட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளையே பார்த்தபடி உட்கார்ந்தான். பத்து நிமிடம்... இருபது...

கதவு உடைந்தது.

முதலாளியின் கையில் விலங்கு ஏறியது. "எவன் சார் போட்டுக் கொடுத்தது?"

"நீதான்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "உன் பேரு, உன் நம்பர், நீயே அமுக்கின பட்டன். தன் மேலயே புகார, விலாசத்தோட இவ்வளவு சுத்தமா யாரும் அனுப்பினதில்ல."

கண்ணுக்குத் தெரியாத முதல் பெட்டியில் இருந்தது, அவளைப் பூட்டி வைத்த செய்தியோடு இந்த இடத்தின் விலாசம்.

இரண்டாவதில் இருந்ததை அவள் எவரிடமும் சொல்லவில்லை. மச்சானைத் திரும்பியும் பார்க்காமல் படியிறங்கினாள்.

'உள்ளே காவல் நிற்கும் தம்பி என் உயிரைக் காப்பாற்றியவன். அவனும் கைதிதான். அடிக்காதீர்கள்.'

மச்சான் இரு கைகளையும் நீட்டியபடியே நின்றான்.

"சார்... எனக்கு விலங்கு?"

"ஏம்ப்பா, அளவெடுத்து வாங்கிட்டு வரணுமா? வீட்டுக்குப் போ."