முதல் கோடு

எல்லோரும் இரண்டாவது கோடு வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பெனிஷாவுக்கு முதல் கோடுதான் உறுத்தியது.

திங்கட்கிழமை மாலை நாலு மணி. இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்கி எழுகிறவளுக்கு அதுதான் விடியல். காலையில் முதலில் வரும் சிறுநீரில் சோதிக்க வேண்டும் என்று கர்ப்பச் சோதனைக் கிட்டோடு வந்த தாளில் போட்டிருந்ததை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். பாத்ரூம் ஜன்னல் திட்டில் கிட்டை வைத்து, மூன்று சொட்டு விட்டு, பினாயில் வாடையிலும் மாடி வீட்டு மோட்டாரின் இரைச்சலிலும் நின்றபடியே காத்திருந்தாள்.

நாலாவது நிமிடத்தில் டி என்ற எழுத்துக்கு நேரே ஏதோ இருந்தது. கோடு என்று சொல்ல முடியாது. சாய்த்தால் தெரிந்தது, நேராகப் பிடித்தால் காணோம். பத்து நிமிடத்துக்குப் பிறகு வருவது வெறும் காய்ந்த கறை, அதை நம்பக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். இது அதற்கு முன்பே வந்துவிட்டது.

ஆனால் சி என்ற எழுத்துக்கு நேரே இருந்த முதல் கோடு வெளிறியிருந்தது. கர்ப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கோடு அழுத்தமாக வர வேண்டும். கிட் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள். இன்னொரு கிட்டைப் பிரித்துக் குழாய்த் தண்ணீரை விட்டுப் பார்த்தாள். முதல் கோடு மட்டும், ரத்தச் சிவப்பாக, தடித்து வந்தது. கிட்டில் கோளாறு இல்லை.

மொத்தம் நாலு வாங்கியிருந்தாள். வீட்டருகே பென்னலூர் மெடிக்கல்காரர் இவர்கள் சபையில் பாடுகிறவர் என்பதால் ஸ்ரீபெரும்புதூர் வரை பஸ்ஸில் போய் வாங்கியவை. போன வருஷமும் இப்படி ஒரு மங்கலான கோடு வந்தது. கணவன் எபினேசர் அன்று அவளைத் தூக்கிச் சுற்றினான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, ஆண்டவர் குழந்தை தந்தார் என்று சாட்சி சொன்னான். எட்டாம் நாள் தீட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சபைப் பெண்கள் முதலில் அவள் வயிற்றைப் பார்த்தார்கள், அப்புறம்தான் முகத்தை. இந்த முறை சந்தேகமே இல்லாமல் தெரிகிறவரை அவனிடம் சொல்வதாக இல்லை.

டி-க்கு நேரே இருந்த அந்தச் சாம்பல் நிழலை விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"என்ன வேணாலும் எடுத்துக்கோ," என்றாள் மெதுவாக. "நீ மட்டும் நில்லு."

மாடியில் மோட்டார் நின்றது.

ஒரகடத்தில் போன் கண்ணாடி செய்யும் கம்பெனியில் கீறல் பார்க்கிற வேலை அவளுக்கு. வெள்ளை விளக்கின் கீழ் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, சந்தேகமானதைத் தனித் தட்டில் வைக்க வேண்டும். "சந்தேகம் வந்தா தட்டுல போடு, மனசுல போட்டுக்காத" என்பார் சூப்பர்வைசர் வெங்கடேசன். செவ்வாய் இரவு கேட்டில் வருகைப் பதிவு கேமரா அவள் முகத்தை எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். நாலாவது தடவைதான் பச்சை விளக்கு எரிந்தது.

புதன்கிழமை இரண்டாவது கோடு ரோஜா நிறத்தில் இருந்தது. சாய்க்க வேண்டியதில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதன்பிறகே முதல் கோட்டைப் பார்த்தாள். பழைய துணியில் போகாமல் தங்கிவிட்ட கறைபோல் இருந்தது.

இரவு சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் ஜயஸ்ரீயிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"இன்னாடி, யாருக்கோ கேக்கறா மாதிரி கேக்கற?" ஜயஸ்ரீ தயிர்சாதத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள். "கள்ளி! மூஞ்செல்லாம் வெளுத்துக் கெடக்கசொல்லவே நெனச்சேன்."

"சொல்லு ஜயா. முதல் கோடு மங்குமா?"

"எங்க அக்காளுக்கு அப்டிதான் ஆச்சு. ரெண்டாவது கோடு அதோட சாயத்தையும் இஸ்துக்குமாம், நர்சம்மா சொல்லுச்சு. ஆனா அது மாசம் ஏறினப்புறம். உனுக்கு எத்தினி நாளு?"

முப்பத்தாறு நாள். பெனிஷா எழுந்தாள். கை கழுவப் போனாள். கை நீட்டினால் தானே திறக்கும் குழாய்க்குக் கீழே கையை நீட்டினாள். தண்ணீர் வரவில்லை. பக்கத்துக் குழாயில் நீட்டினாள். அங்கும் வரவில்லை. பின்னால் வந்த ஜயஸ்ரீ அதே குழாயில் கை நீட்டியதும் தண்ணீர் கொட்டியது.

"ஆஸ்பத்திரிக்குப் போடி மொதல்ல," என்றாள் ஜயஸ்ரீ, சிரித்துக்கொண்டே.

போயிருக்கலாம். போனால் ஊசி குத்துவார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், இது இல்லை என்றும் சொல்லலாம். இன்னும் கொஞ்சம் அழுத்தமாகட்டும் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை மாலை எபினேசர் டயர் கம்பெனி வேலையிலிருந்து வந்து, "சாப்ட்டியா பெனி?" என்றான். "ஆச்சுங்க" என்றாள். அவன் ஷூவைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து, "சாப்ட்டியான்னு கேட்டேன்" என்றான்.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. கால்களில் எடையே இல்லாததுபோல் இருந்தது. வயிற்றில் மட்டும் எடை இருந்தது. வெள்ளிக்கிழமை பகல் முழுதும் ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, போர்வைக்குள் கிடந்தாள். தூக்கம் வரவில்லை. புரண்டாள். கட்டில் கிறீச்சிடவில்லை. அவள் பக்கத்தில் மெத்தை சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல.

நாலு மணிக்குக் கடைசி கிட்டைப் பிரித்தாள்.

ஐந்து நிமிடம் வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது கோடு உடனே வந்தது. கருஞ்சிவப்பு. தடிமன். ஓரங்கள் மெல்லப் பெருத்தன.

சி-க்கு நேரே வெள்ளை. சாய்த்தாள். வெள்ளை. விளக்கில் பிடித்தாள். ஒன்றுமில்லை.

தாளை எடுத்தாள். முதல் கோடு வராவிட்டால் சோதனை செல்லாது.

போனை எடுத்து எபினேசரின் பெயரைத் தொட்டாள். திரை நகரவில்லை. மறுபடி தொட்டாள். விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டாள்.

ஐந்தரைக்கு வண்டி வந்து நின்றது. சாவி. கதவு. டயர் ரப்பர் வாடை.

"என்னங்க!"

அவன் அவளைக் கடந்து பாத்ரூமுக்குப் போனான். தண்ணீர்ச் சத்தம். பிறகு அதுவும் நின்றது. நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்தபோது கையில் கிட் இருந்தது.

"பெனி," என்றான். அவளைப் பார்த்து இல்லை. "ஏண்டி சொல்லல?"

படுக்கையறைக்குள் போனான். பகலில் தூங்குகிற மனைவிக்காக எப்போதும் செய்வதுபோல் விளக்கைப் போடவில்லை. கட்டில் பக்கத்தில் முட்டி போட்டான். போர்வைமேல் உள்ளங்கையை வைத்தான். கண்ணை மூடினான்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. இந்தத் தடவ நிலைக்கணும். அப்டியே நிலைக்கணும்."

பெனிஷா வாசற்படியில் நின்று பார்த்தாள். தலையணையில் பள்ளம் இல்லை. போர்வை தலைமாட்டில் தட்டையாகக் கிடந்தது. கால்மாட்டிலும் தட்டை.

நடுவில் மட்டும் மேடு.

அவன் கைக்குக் கீழே அது ஏறியது. இறங்கியது. கொஞ்சம் பெரிதாக ஏறியது.

"எபி, கையை எடு!"

அவன் கண்ணைத் திறக்காமலே, அழுதுகொண்டே சிரித்தான். இன்னொரு கையையும் எடுத்து அதன்மேல் வைத்தான்.