ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

நேற்று ஊற்றிய இளஞ்சிவப்புத் திரவத்தில் ஒரு சொட்டுகூடக் குடுவையில் இல்லை. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, எங்கும் கசிவில்லை. இன்குபேட்டரின் உடம்புச் சூட்டிலிருந்து அதை வெளியே எடுத்தபோது, அந்த அறைக்குச் சம்பந்தமே இல்லாமல், அக்கா முட்டியில் தேய்க்கும் தைலத்தின் வாசனை மெல்ல வந்து அவள் மூக்கில் ஏறியது.

ஞாயிறு மதியம். கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. குடுவையில் வளரும் செல்லுக்கு லீவு ஏது? வேளை தவறாமல் திரவம் மாற்றியாக வேண்டும். ‘சாப்பாடு வைப்பது’ என்பார்கள் ஆய்வகத்தில்.

இவை அக்காவின் முட்டிக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த செல்கள். குடுவையில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். ஆனால் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சியவளே இவள்தானே. “ஆபரேஷன் முடிஞ்சா தூக்கித்தான்க்கா போடுவாங்க. எனக்குக் குடேன்.”

ஆபரேஷன் காயம் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையான அக்கா, போன ஞாயிறு போனில் அந்தப் பழைய செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். “எலி, ஒரு வாய் ஊட்டிட்டுப் போயேன். நர்ஸ் குடுத்தா இறங்கல.”

“செல்லுக்குச் சாப்பாடு வைக்கணும்க்கா. சாயங்காலம் வரேன்.”

சாயங்காலம் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். இடுப்பில் சுமந்து வளர்த்தவளை வெறும் வயிற்றோடு அனுப்பிவிட்டு, இந்தப் பாழாய்ப்போன செல்லுக்கு வயிறார ஊற்றியிருந்தாள். ஆய்வகத்து டாக்டர் துக்கம் விசாரித்த கையோடு, “இந்த மாதிரி செல் கிடைக்காதும்மா, கண்ணு மாதிரி பாத்துக்கோ” என்றார். நாசமாய்ப் போக.

புதிதாக ஊற்றினாள். மூடினாள். பாட்டிலை வைக்கத் திரும்பினாள்.

கடக்.

படிக்கட்டில். அக்கா வருவதற்கு முன்னால் அவள் முட்டிச் சத்தம் வந்துவிடும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்த முட்டியை அறுத்தெடுத்தாயிற்று. அதைச் சுமந்த உடம்பையும் எரித்தாயிற்று.

குடுவை காலி.

மறுபடி ஊற்றினாள். கொஞ்சம் மேசையில் சிந்தியது. அவள் கண்ணெதிரிலேயே குடுவைக்குள் மட்டம் இறங்கியது. அவசரமே இல்லாமல். மடக்கு மடக்காக.

கடக். கடக். நடைவழியில்.

பாட்டில் தீர்ந்தது. குளிர்பெட்டியில் இருந்த இன்னொன்றும் தீர்ந்தது. இதை இன்றே கொன்றுவிட வேண்டும். டாக்டர் கத்தினால் கத்தட்டும், வேலை போனால் போகட்டும். கை கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து ப்ளீச்சை எடுத்தாள். நெடி கண்ணைக் கரித்தது.

“மன்னிச்சுடுக்கா.”

குடுவையின் கழுத்து வரை ஊற்றினாள். சத்தம் நின்றது. தைல வாசனையும் போயிற்று. மூச்சு வந்தது. சுவரில் சாய்ந்து, ஒரு வாரமாக அடக்கிய அழுகையை அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையருகே வந்து பார்த்தாள்.

ப்ளீச் பாதி இறங்கியிருந்தது.

தங்கை கையால் கொடுத்த எதையும் அக்கா மிச்சம் வைத்ததே இல்லை. சிறுவயதில் இவள் கருக்கிக் கொடுத்ததைக்கூட முகம் சுளிக்காமல் தின்றவள்.

கால் பங்கு. அடி.

காலி.

கடக்.

முதுகுக்குப் பின்னால். தைல வாசனை. காதருகே ஈரமான மூச்சு, அதில் ப்ளீச் நெடி.

“இன்னும் ஒரு வாய், எலி.”