வெகுளி என்று எழுதிய ஓலை

மேற்கே மலைமுடிகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்கிக்கொண்டிருக்க, பெண்ணையாற்றின் அகன்ற நீர்ப்பரப்பு முழுவதும் மஞ்சள் கரைத்துவிட்டாற்போல் மின்ன, கரையோர நாணற்காடுகளில் நாரைகள் இரவுத் தங்கலுக்கு இடம்பிடித்துக் கூச்சலிட, ஏழிலைக்கோட்டையின் கொத்தளங்களில் கட்டிய தோரணங்கள் தைமாதக் குளிர்காற்றில் சலசலத்துக்கொண்டிருந்த அந்தப் பௌர்ணமி மாலையில், கோட்டைக்குள் மகிழ்ச்சியில்லாத முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது காலமான கோட்டைத் தலைவரின் ஒரே மகள் கொற்றநங்கையின் முகம்.

தந்தையின் ஈமத்தீ ஆறுவதற்குள் அமைச்சன் சோமத்தரையன் கோட்டையைத் தன்வசப்படுத்திக்கொண்டான். இன்று நிலவெழும் வேளையில் அவனுக்கு முடிசூட்டு விழா. அதே மேடையில், உரிமையை உறுதிசெய்துகொள்ள, நங்கையின் கழுத்தில் அவன் தாலியும் கட்டுவான். அவனுக்கு எஞ்சியிருந்த அச்சம் ஆற்றின் மேல்கரையில் பாடிவீடு அமைத்திருந்த மலைநாட்டுப் படை ஒன்றுதான். நாச்சியாரின் விருப்பம் தெரியாமல் ஓரடியும் பின்வாங்க மாட்டேன் என்று அதன் தலைவன் ஏனாதி விடங்கன் சொல்லி அனுப்பியிருந்தான்.

ஆகவேதான் அன்று நண்பகலில் சோமத்தரையன் அவள் முன்னே ஓலையையும் எழுத்தாணியையும் வைத்தான்.

"நாச்சியார் தம் கைப்பட எழுதட்டும். ஒவ்வொரு சொல்லையும் நான் கேட்ட பிறகே ஓலை ஆற்றைக் கடக்கும்" என்றான்.

நங்கை எழுதினாள். நரைத்த மீசையும் குனிந்த தலையுமாக நின்ற ஓலைநாயகம் காரி கூத்தனார் அதை வாங்கி உரக்கப் படித்தார்.

"மலைப்படை ஏனாதி விடங்கருக்குக் கொற்றநங்கை எழுதுவது. இன்று நிலவெழும் வேளையில் சோமத்தரையருக்கு முடிசூட்டு விழாவும், அவரோடு எனக்குத் திருமணமும் நடைபெற இருக்கின்றன. நானோ வெகுளி…"

இங்கே கூத்தனாரின் குரல் ஒரு கணம் நின்றது. அவருடைய கண்கள் ஓலையை விட்டு மேலெழுந்து நங்கையின் முகத்தில் பதிந்து மீண்டன. பெரியவர் தொடர்ந்தார்.

"என் வெகுளி நீர் அறிந்ததே. மலைப்படை இனி அங்கே நிற்க வேண்டியதில்லை. நிலவெழும்போது ஆற்றங்கரைத் திட்டிவாசலை அடுத்த கொற்றவை கோயிலில் உமக்காக ஒரு விளக்கேற்றி வைப்பேன்."

சோமத்தரையன் தொடையில் தட்டிச் சிரித்தான். "தன்னைத் தானே வெகுளி என்று ஒப்புக்கொள்கிறாள்! என்ன சொல்கிறீர், ஓலைநாயகமே?"

"இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது, பிரபு" என்றார் கூத்தனார். ஓலையில் இலச்சினை விழுந்தது.

வாசகர்களே, சோமத்தரையன் ஏன் சிரித்தான் என்பது உங்களுக்குத் தெரியும். கள்ளங்கபடமில்லாதவரை, எவர் ஏமாற்றினாலும் ஏமாறுகிறவரை நாம் வெகுளி என்கிறோம். ஆற்றுநாட்டில் அன்றும் அப்படியே. ஆனால் அந்த மலைநாட்டில் வெகுளி என்றால் சினம். அதுவும் சாதாரணச் சினமன்று, வாளை உறையிலிருந்து உருவி எடுக்கும் சினம். இந்தச் சிறு சொல்லின் மீதுதான் நங்கை தன் கோட்டையையும் வாழ்வையும் சேர்த்து வைத்திருந்தாள்.

அந்தச் சொல் அவளுக்குக் கிடைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஈராண்டுக்கு முன் தேனும் அகிலும் கொண்டு முதன்முறை அவைக்கு வந்த விடங்கன், தலைவருடைய புதிய முரசைப் பார்த்து, "இது விரிசல் கண்ட முரசு, பிரபு, உங்களை யாரோ ஏமாற்றிவிட்டார்கள்" என்று அவையறியச் சொல்லிவிட்டான். அவையே திகைத்து நிற்க, நங்கை மட்டும் வாய்விட்டு நகைத்து, "பாவம், வெகுளி!" என்றாள். விடங்கன் முகம் சிவந்துபோயிற்று. "நாச்சியார், நான் எவர்மீது சினந்தேன்?" என்று கேட்டான்.

அன்று தொடங்கிய வழக்கு ஓராண்டு நடந்தது. ஆற்றங்கரையில், யானைக் கொட்டிலில், திருவிழாக் கூட்டத்தில் என்று கண்ட இடத்திலெல்லாம் இருவரும் அந்த ஒரு சொல்லுக்காக மல்லுக்கு நின்றார்கள். காதலர்கள் சண்டைக்குக் காரணம் தேடுவது புதிதா என்ன?

"வெயில், வெந்நீர், வெம்மை, வெகுளி எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சூடில்லாத இடத்தில் வெகுளி ஏது?" என்பான் அவன்.

"அந்தச் சூடுதான் ஐயா, கதையே! சினம் வந்தவனால் எதையாவது ஒளிக்க முடியுமா? உள்ளே கொதிப்பது முகத்தில் தெரிந்துவிடும். ஒளிக்கத் தெரியாதவனுக்கு எங்கள் முன்னோர் வெகுளி என்று பேர் வைத்தார்கள். நாளடைவில் சினம் ஆறிவிட்டது, பேர் மட்டும் நின்றுவிட்டது" என்றாள் அவள்.

விடங்கன் கைகூப்பினான். "தோற்றேன், நாச்சியார். இனி என் நாவில் இச்சொல் உங்கள் பொருளிலேயே வழங்கும்."

அந்த வெற்றிதான் இப்போது நங்கையின் நெஞ்சைப் பிடித்து ஆட்டியது. உப்பரிகையில் நின்றவள் மேல்கரையைப் பார்த்தாள். அங்கே கூடாரங்கள் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. யானைகள் திரும்பின. பரிசல்களைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வீரர்கள் வரிசை வரிசையாக மலைப்பாதையில் நடந்து, ஆற்றின் வளைவுக்கு அப்பால் மறைந்தார்கள். கோட்டை மதிலில் ஆரவாரம் எழுந்தது. காவலர்கள் வேலைச் சாத்திவிட்டு விருந்துக்கு ஓடினார்கள்.

'வாக்கைக் காப்பாற்றிவிட்டாரே பாவி! என் பொருளிலேயே படித்துவிட்டாரே! ஒரு முறையாவது நான் தோற்றிருக்கக் கூடாதா?' நங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஓலையில் விளக்கேற்றுவேன் என்று எழுதியாகிவிட்டது. எழுதியதைச் செய்யாமலிருக்க அவளால் முடியாது. மணக்கோலத்தோடு படியிறங்கினாள்.

கீழ்வானில் நிலவு எழுந்தது. முடிசூட்டு மண்டபத்தில் முழவுகள் அதிர, கொற்றவையின் முன்னால் ஓர் அகல் சுடர்விட்டது. நங்கை அதைப் பொத்திக்கொண்டு, ஒருவேளை வந்திருப்பாரோ என்ற நப்பாசையோடு திட்டிவாசலுக்கு வந்தாள். சின்னஞ்சிறு வாசல்தான்; ஆனால் அதன் குறுக்கே கிடந்த இரும்புத் தாழ் இரண்டு ஆடவர் தூக்கும் எடை. அகலைக் கீழே வைத்துவிட்டு வளையல்கள் நொறுங்கத் தாழைப் பற்றி இழுத்தாள். அது அசையவில்லை.

பின்னால் காலடி ஓசை கேட்டது. திரும்பினாள். ஓலைநாயகம் நின்றிருந்தார்.

"நாச்சியார் நண்பகலிலேயே இதற்குத் துணிந்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

"தெரிந்துமா ஓலையை அனுப்பினீர்கள்?"

கூத்தனார் மேலாடையை இடுப்பில் வரிந்து கட்டினார். "இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த அவையில் ஆற்றுநாட்டுத் தமிழே பேசுகிறேன். மலைப்பேச்சைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று பிறந்த ஊரையே மறைத்தேன். இன்று அந்தச் சொல்லைப் படிக்கும்போது நடுவில் நின்றுவிட்டேன், அம்மா. என் தாய் என்னை அதட்டிய சொல் அது. நான் விடங்கனின் மலையில் பிறந்தவன். தள்ளுங்கள்!"

முதியவரின் தோளும் இளையவளின் கைகளும் சேர்ந்தன. தாழ் உருண்டு விழுந்தது. கதவு திறக்க, வெளியே நிலவொளியில் நாணற்காடு மட்டும் அசைந்தது. நங்கையின் உயிர் கண்ணுக்கு வந்துவிட்டது.

நாணலுக்குள்ளிருந்து ஒரு தாழ்ந்த குரல் கேட்டது. "விளக்கேற்றியது யார்?"

அந்தக் குரலை அவள் எங்கே கேட்டாலும் அறிவாள். "ஒரு வெகுளி" என்றாள்.

"எந்த நாட்டு வெகுளி?"

"மலைநாட்டு வெகுளி!"

நாணற்காடு எழுந்து நின்றது! ஆற்றின் வளைவுக்கு அப்பால் மறைந்தவர்கள் பரிசல்களில் ஓசையின்றி மிதந்து வந்து அங்கே பதுங்கியிருந்தார்கள். "வெகுளி! வெகுளி!" என்ற முழக்கம் முழவோசையை விழுங்கிக்கொண்டு கோட்டைக்குள் பாய்ந்தது. விருந்திலிருந்த காவலர்கள் வேலைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சோமத்தரையன் பாதி சூட்டிய முடியோடு மேடையிலிருந்து இறக்கப்பட்டான்.

"வெகுளி என்றுதானே எழுதினாய்!" என்று அவன் கத்தினான்.

"ஆமாம். ஒரு சொல்கூடப் பொய்யாக எழுதவில்லையே" என்றாள் நங்கை. பிறகு அந்த முடியைத் தன் கையாலேயே அவன் தலையிலிருந்து எடுத்துத் தந்தையின் வெற்றிருக்கையில் வைத்தாள். கோட்டை முழுவதும் அவள் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. மகிழ்ச்சியில் அவள் கண்ணீரைத் துடைக்கவும் மறந்தாள்.

ஆரவாரம் சற்றே அடங்கியதும் விடங்கன் அருகே வந்தான்.

"ஏனாதியாரே, என் பொருளையே கொள்வதாக வாக்களித்திருந்தீர்களே? ஓலையில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுகொண்டீர்கள்?"

"'என் வெகுளி நீர் அறிந்ததே' என்று எழுதியிருந்தீர்கள், நாச்சியார். இந்த ஈராண்டில் உங்கள் சினத்தை நான் பலமுறை அறிந்திருக்கிறேன். கபடமில்லாத பேதைமையை ஒருநாளும் கண்டதில்லை."

நங்கை சிரித்துவிட்டாள்.

"சரி, இப்போது என்னைச் சொல்லுங்கள்" என்றான் விடங்கன். "நான் எந்த வெகுளி?"

நிலவொளியில் அவன் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்த்தாள். ஈராண்டாக அவன் வாய் சொல்லத் துணியாததெல்லாம் அங்கே பட்டவர்த்தனமாக இருந்தது.

"நீங்கள் ஆற்றுநாட்டு வெகுளிதான், ஐயா. உங்களுக்கு ஒன்றையுமே ஒளிக்கத் தெரியவில்லை" என்றவள், மணமேடையில் கிடந்த மாலையை எடுத்து, கோட்டையே பார்த்திருக்க, அவன் கழுத்தில் இட்டாள்.