மாமியாருக்கு ஒரு டம்ளர்

"ஐயோ... மோட்டார் செத்துட்டான்!"

அலறல் கேட்டு ஊரே தண்ணீர்த் தொட்டிக்கு ஓடியது.

ஏணியடியில் கிடந்தான் பம்ப் ஆபரேட்டர். 'மோட்டார்' என்பது ஊர் வைத்த பெயர். மண்டை பிளந்திருந்தது!

"கால் வழுக்கியிருக்கும். பாவம்!" என்றார் ஊராட்சித் தலைவர்.

இன்ஸ்பெக்டரும் தலையாட்டினார்.

தலைவரின் மனைவி உதட்டைச் சுழித்தாள். வழுக்கினானாம்!

காலையில்தான் அவளுக்குப் போன் செய்திருந்தான்.

"அக்கா, தொட்டிக்கு ஏத்துற கிணத்துல சாயக்கழிவு! தண்ணியை யாரும் தொடாதீங்க. யார் கொட்டச் சொன்னதுன்னு நேர்ல சொல்றேன்."

வரவில்லை...

ஊரில் சாயப்பட்டறை வைத்திருந்தது ஒரே ஆள். அவள் புருஷன்!

பெண்களின் தண்ணீர் சோதனைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. போட்டோவுக்கு நிற்க அவரே போட்ட பதவி. அவள் நிஜமாகவே சோதித்துத் தொலைத்தாள்!

"சார், டெஸ்ட் பண்ணிட்டோம். தண்ணி கெட்டுப்போச்சு. வீடு வீடா சொல்லியாச்சு," என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.

தலைவர் சிரித்தார்.

"நாலு பொம்பளைங்க, ஒரு கண்ணாடிக் குழாய்... இதுங்க விஞ்ஞானியாம்! சுத்தமான தண்ணி சார்!"

"அப்படியா? வீட்டுக்கு வாங்க சார். பேசிக்கலாம்," என்றாள் அவள்.

கூடத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளே போனவள் தட்டில் டம்ளர்களோடு வந்தாள்.

"தொட்டித் தண்ணிதாங்க."

புருஷனைப் பார்த்துக்கொண்டே ஒரு டம்ளரைக் குடித்தாள்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இத்தனை வருஷக் குடித்தனம்... ஒரு 'வேண்டாம்' கூட வரவில்லை!

"எனக்கும் ஒரு வாய் குடும்மா," மூலையில் உட்கார்ந்திருந்த மாமியார் கை நீட்டினாள். டம்ளர் உதட்டருகே போனது.

"அம்மா! குடிக்காதே... விஷம்!"

தலைவர் பாய்ந்து தட்டிவிட்டார். டம்ளர் உருண்டது.

"அந்த மோட்டார் பய வாயைத் திறக்கறதுக்குள்ள அவனை..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "அவனை...? முடிங்க தலைவரே. நல்லாத்தானே போய்ட்டிருந்தது!"

மாமியார் மகனையே வெறித்தாள்.

"அவ குடிச்சப்போ ஏன்டா சும்மா இருந்தே?"

விலங்கு மாட்டும் சத்தம்தான் கேட்டது.

இன்ஸ்பெக்டர் பதறினார். "ஐயையோ, நீங்க குடிச்சிட்டீங்களேம்மா! ஆம்புலன்ஸ்..."

"எதுக்கு சார்? அது கடையில வாங்கின பாட்டில் தண்ணி."

தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை.

அவரை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கொண்டு போங்க சார்... டம்ளர் தண்ணி சுத்தம். புருஷன்தான் கலப்படம்!"