மாற்றானுக்குச் சூட்டிய பட்டம்

மேற்கே மலைச் சிகரங்களுக்குப் பின்னால் கதிரவன் மறைந்துவிட்டான். கிழக்கே பனந்தோப்புகளுக்கு மேல் முழுமதி பெரியதொரு பொற்றட்டைப் போல் எழுந்துகொண்டிருந்தது. இரண்டு ஒளிகளையும் ஒருங்கே வாங்கிக்கொண்ட நல்லாறு, ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் வெள்ளியுமாக மின்னி, கொன்றைக்கோட்டையின் மதிலடியைத் தழுவிச் சுழித்தோடியது. மதில்மேல் முடிசூட்டு விழாவின் தோரணங்கள் ஆடின; முரசங்கள் முழங்கின. நகரமே களிகொண்டிருந்த அந்த அந்தி வேளையில், துறைப் படியில் தலைப்பாகையைப் புருவம் வரை இழுத்துவிட்டு, ஓடக்காரன் கோலத்தில் அமர்ந்திருந்த ஒருவனுடைய நெஞ்சு மட்டும் கொல்லன் உலைபோல் கனன்றுகொண்டிருந்தது.

வாசகர்களே! அவன் இடுப்பில் செருகியிருந்த குறுவாளைக் கண்டு அவனைக் கள்வனென்று எண்ணிவிட வேண்டாம். அவன் பெயர் பூதி விடங்கன். அன்று காலை வரையில் கொன்றைக்கோட்டையில் அவனுக்கு நிகரான வீரனில்லை என்றே எல்லோரும் பேசினார்கள்.

நல்லாற்று நாட்டின் முதிய வேந்தர் மகப்பேறின்றி மாண்டதும், வடகரையார் அவருடைய தம்பி மகள் உமையாழ்விக்கே முடி என்றார்கள். தென்கரையார் அவருடைய சகோதரி மகனுக்கே முடி என்றார்கள். வாய்ச்சண்டை வாட்சண்டையாயிற்று. தென்கரைப் படையை நடத்திக் கோட்டையை முற்றுகையிட்டவன் மழவன் கொற்றன்; உள்ளே பட்டினியோடு பட்டினியாய் நின்று உமையாழ்வியைக் காத்தவன் விடங்கன். தென்கரை இளவரசன் பாசறையிலேயே கடுஞ்சுரம் கண்டு இறந்துபோக, போரில் சலித்த இரு கரையாரும் உமையாழ்வியையே அரசியாக ஏற்றார்கள்.

அன்று காலை முடி சூடிய கையோடு அரசி தன் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் அறிவித்தாள். முதலமைச்சர் தென்கரைப் பெரியவர் ஒருவர் என்றதும் வடகரையார் முகம் சுளித்தார்கள். அடுத்த அறிவிப்போ இடியாகவே விழுந்தது.

“மாதண்டநாயகர் பதவியை மழவன் கொற்றனாருக்கு அளிக்கிறோம். ஆற்றுக் காவல் பூதி விடங்கருக்கு!”

அரசி தன் கையாலேயே கொற்றன் இடையில் பட்டத்து வாளைப் பூட்டினாள். அவளுடைய விரல்கள் அவன் கச்சையின்மீது வேண்டியதற்கு மேல் ஒரு கணம் தங்கினவா, அல்லது விடங்கனுடைய கண்கள்தாம் அப்படிக் கண்டனவா? எதுவாயினும் அந்த ஒரு கணம் அவன் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது.

அவை கலைந்ததும் அவளைப் பூமண்டபத்து வாயிலில் வழிமறித்தான்.

“தேவி! பட்டினி கிடந்து காத்தவனுக்கு ஆறு. மதிலை இடித்தவனுக்குப் படை. இதுதான் தங்கள் நீதியா?”

“விடங்கரே, என்னைச் சேர்ந்தவர்களை மட்டும் அருகில் வைத்துக்கொண்டால் நான் வடகரைக்கு மட்டுமே அரசியாயிருப்பேன். நேற்றுவரை என்மீது வாள் ஓங்கியவர்களுக்கும் இந்த நாடு சொந்தமல்லவா?”

“கொற்றருக்குப் படைத்தலைமை மட்டுந்தானா, தேவி? அல்லது வேறொன்றும் கொடுத்தாகிவிட்டதா?”

உமையாழ்வியின் முகம் செக்கச் சிவந்தது. ஒரு சொல்லும் பேசாமல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த மௌனத்துக்கு விடங்கன் தன்னைச் சுடுகிற பொருளையே தேடி எடுத்துக்கொண்டான்.

புண்ணில் ஈ மொய்க்க நேரமா ஆகும்? முதலமைச்சர் பதவிக்காகக் காத்திருந்து ஏமாந்த வடகரைப் பிரபு செங்கேணிப் பேரரையர் அவனை நந்தவனத்து ஓரத்தில் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இன்று அந்தியில் கொற்றன் படையின்றித் தென்கரை போகிறான். ஆறோ உம்முடைய காவல். ஓடத்தை நாணல் திட்டை ஒட்டிச் செலுத்தும். மிச்சத்தை என் வில்லாளிகள் பார்த்துக்கொள்வார்கள். ஆற்றோடு போனான் என்று ஊர் அழுதுவிட்டு அடங்கிவிடும்.”

விடங்கன் தலையசைத்தான். ஆகவேதான் இந்தக் கோலம்.

கொற்றன் வந்தான். உடன் கம்பளிப் போர்வையால் தலையை மூடிய மெல்லிய உருவம் ஒன்றும் வந்தது. பணியாளன்போலும் என்று விடங்கன் பொருட்படுத்தவில்லை. ஓடம் நடு ஆற்றை அடைந்தபோது போர்வைக்குள்ளிருந்து குரல் எழுந்தது.

“ஓடக்காரரே, புதிய அமைச்சர்களைப் பற்றி வடகரையில் என்ன பேசிக்கொள்கிறார்கள்?”

முற்றுகை நாட்களில் மதிலின்மேல் நின்று விடங்கனுக்குத் தைரியம் சொன்ன குரல் அது! அரசி இந்த ஓடத்தில் ஏன்? அச்சத்தையும் முந்திக்கொண்டு வயிற்றெரிச்சல் எழுந்தது. இருட்டும் நேரத்தில், கொற்றனோடு தனியாக!

குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு சொன்னான்: “என்ன சாமி பேசுவாங்க? பசுவைக் காத்தவன் தொழுவத்து வாசல்ல நிக்கிறான், பாய வந்த புலிக்குப் பால்செம்பைக் குடுத்தாங்கன்னு பேசுறாங்க.”

கொற்றன் நகைத்தான்; பிறகு அரசியின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான், ஆயினும் காற்று அதை விடங்கன் காதுக்குக் கொண்டுவந்தது. “நான் அப்போதே சொன்னேன், தேவி. விடங்கருக்கே படையைக் கொடுங்கள் என்று.”

“வீட்டு மனிதர்களுக்குக் குறைத்துப் பரிமாறலாம், கொற்றரே. விருந்தாளிக்குத்தான் முதல் இலை போட வேண்டியிருக்கிறது” என்றாள் உமையாழ்வி. “விடங்கர் என்னை ஒருநாளும் கைவிடமாட்டார் என்ற உரிமையில்தான் குறைத்துப் பரிமாறினேன். தென்கரைத் தலைவர்களோ நான் படையின்றி வந்தால்தான் பணிவோம் என்கிறார்கள். வடகரையாருக்குத் தெரிந்தால் விடுவார்களா? ஆகவேதான் இந்தப் போர்வை. நான் ஒரு கரையில் மாலையிட்டால் மறுகரை கொதிக்கும். எவரையும் மணப்பதில்லை என்று கொற்றவை சந்நிதியில் இன்று ஆணையிடப் போகிறேன்.”

நிலவொளியில் கொற்றனுடைய முகம் வாடியதை விடங்கன் கண்டான். ‘ஆ! இவனுமா!’ என்று துணுக்குற்றவன் நிமிர்ந்து பார்த்தபோது நாணல் திட்டு கைக்கெட்டும் தூரத்திலிருந்தது. தட்டைகளுக்கிடையே வில்லின் நாண்கள் முறுக்கேறும் ஓசை கேட்டது.

துடுப்பை முழு வலிமையோடு ஊன்றி ஓடத்தைத் திருப்பிய விடங்கன், தலைப்பாகையை வீசியெறிந்துவிட்டு எழுந்து நின்றான். “நிறுத்துங்கள்! நான் பூதி விடங்கன்! ஓடத்தில் அரசி இருக்கிறார்!”

அதற்குள் அம்புகள் பறந்துவிட்டன. விடங்கன் அரசியை நோக்கிப் பாய்ந்தான். ஆனால் கொற்றன் முந்திக்கொண்டான். அவளை மறைத்த அவன் தோளில் அம்பொன்று ஆழப் பாய்ந்தது. அரசியின் பெயர் கேட்ட வில்லாளிகள் நாணலை மிதித்துக்கொண்டு ஓடினார்கள்.

உமையாழ்வி போர்வையைக் கிழித்துக் கொற்றன் தோளில் கட்டினாள். அவளுடைய கைகளில் அவனுடைய இரத்தம். அன்பர்களே, மனித நெஞ்சத்தின் விந்தையைப் பாருங்கள்! அந்த அம்புகூடத் தனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் விடங்கனின் பொல்லாத மனம் அப்போதும் ஏங்கிற்று.

அவன் குறுவாளை உருவிக் கொற்றன் முன் வைத்தான்.

“ஓடத்தை இங்கே கொண்டுவந்தவன் நான்தான். ஏவியவர் பேரரையர், இணங்கியவன் நான். உம்மைக் கொல்லவே வந்தேன். தேவி உடன் வருவதை அறியேன்.”

அரசி அவனை நோக்கித் திரும்பினாள். “கைவிடமாட்டார் என்று இப்போதுதான் சொன்னேன்” என்றாள்.

ஓடம் கரை சேர்ந்ததும் தென்கரை மணலில் தீவட்டிகள் ஓடிவந்தன. கொற்றன் தோளில் இரத்தத்தைக் கண்ட தலைவர்கள் வாட்களை உருவினார்கள். “எய்தவன் எவன்? வடகரைத் துரோகமா?” என்று ஒருவர் முழங்கினார்.

விடங்கன் வாய் திறந்தான். கொற்றன் விடவில்லை.

“ஆற்றுக் கொள்ளையர்! விடங்கர் ஓடத்தைத் திருப்பியிராவிட்டால் நாங்கள் மீனுக்கு இரையாகியிருப்போம். வாட்களை உறையிலிடுங்கள். அரசி படையின்றி வந்திருக்கிறார்.”

உண்மையைச் சொன்னால் மறுபடியும் போர் மூளும். சொல்லாவிட்டால் எதிரி இட்ட உயிர்ப்பிச்சை. விடங்கன் அந்தப் பிச்சையை விழுங்கினான். வேம்பினும் கசந்தது.

கொற்றவை சந்நிதியில் உமையாழ்வி தன் ஆணையை உரைத்தாள். தென்கரைத் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக மண்டியிட்டார்கள். பின்னர் யாரும் அழையாமலே விடங்கன் முன்வந்து, மண்டியிட்டு, கொற்றன் திருப்பித் தந்த குறுவாளை நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

“விடிந்ததும் அந்தக் கொள்ளையரின் தலைவனைக் கட்டி இழுத்துவந்து தேவியின் காலடியில் போடுவேன். அதன்பின் என் உயிருள்ளவரை மாதண்டநாயகர் கொற்றனாருக்கு நானே மெய்க்காவல். என் மார்பைத் துளைக்காமல் இனி ஒரு கணையும் அவரைத் தீண்டாது. கொற்றவை ஆணை!”

கூட்டம் ஆரவாரித்தது. கொற்றன் நல்ல கையை நீட்டி அவனை எழுப்பிவிட்டு, காதருகே குனிந்தான்.

“உண்மையைச் சொல்லும், விடங்கரே. இந்த ஆணை எனக்காகவா?”

“இல்லை” என்றான் விடங்கன். “தேவிக்காக.”

“நல்லது” என்றான் கொற்றன். “என் பொய்யும் அவருக்காகத்தான்.”