இரண்டு முறை தட்டினால்

அந்தப் பழைய வீட்டு டிரெய்லரின் அடிவயிற்றில், குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே இருந்த மற்றக் கட்டங்களை எல்லாம் மெல்லிய அலுமினியத் தகடு மூடியிருக்க, பின்கோடிக் கட்டத்தை மட்டும் யாரோ கால் அங்குல இரும்புத் தகட்டால் வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். டெல்மர் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்தபடி உள்ளே உருண்டு போய்க் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது. வெல்டிங்கா அது? காக்கை எச்சமிட்டுக்கொண்டே பறந்த மாதிரி இருந்தது. போதாக்குறைக்குத் தகடு நடுவில் லேசாகக் கீழ்நோக்கிப் புடைத்திருந்தது. கால் அங்குல இரும்பு தானாகப் புடைக்காது. அதை அவன் கவனித்தான். கவனித்து, மட்டமான இரும்பு என்று முடிவு கட்டினான்.

முடிவு கட்டுவதுதான் அவன் பிழைப்பு. வடக்கு இந்தியானாவில் தடுக்கி விழுந்தால் ஒரு டிரெய்லர் தொழிற்சாலை. அதில் ஒன்றில் அவன் இருபது வருஷத்துக்கு மேல் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், பார்க்கிற பரிசோதகன். அவன் மஞ்சள் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தால் எவன் வைத்த வெல்டிங்கானாலும் பிரித்துத் திரும்ப வைக்க வேண்டும். பழைய டிரெய்லர்களை வாங்கி அழகு பார்க்கிறவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. மேலே இளஞ்சிவப்புச் சாயம், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. கீழே சட்டம் உளுத்துக் காய்ந்த ரொட்டி மாதிரி உதிரும். முதலில் சேஸிஸ், பிறகுதான் மற்றதெல்லாம். அதற்கும் முன்னால் ஒன்று உண்டு: இதற்கு முன் வைத்திருந்தவன் கைவைத்ததை எல்லாம் பிரித்து எறிய வேண்டும். ஏனென்றால் முன்னால் வைத்திருந்தவன் எப்போதுமே முட்டாள்.

இந்த முட்டாளின் பெயர் ஓர்வல். செத்துப்போய்விட்டான். களஞ்சியத்தில் கிடந்த டிரெய்லரை இழுத்து வந்து டெல்மருக்கு விற்றவன் ஓர்வலின் அண்ணன் மகன். அவன் விற்கும்போதே தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்த ஒரு தகட்டை மட்டும் பிரிக்கக் கூடாது என்று சித்தப்பா சாகிறவரை புலம்பினாராம். வெர்டா சித்தி ஒரு காலத்தில் பெரிய வாயாடியாம். சித்தப்பா அந்தத் தகட்டை வைத்த நாளிலிருந்து சாதுவாகிவிட்டாளாம். எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாதாம். சித்தப்பாதான் அவளைக் கண்டு நடுங்கினாராம், அவளோடு ஒரே கூரையின் கீழ் படுக்கக்கூட மாட்டாராம். அவரைப் புதைத்த மறுநாள் சித்தியைக் காணோம். இன்றுவரை காணோம்.

இதை டெல்மர் சாப்பாட்டு மேஜையில் மார்லிஸிடம் சொன்னபோது, உருளைக்கிழங்கு மசியல் மேல் நூடுல்ஸை அள்ளிப் போட்டுக்கொண்டே சிரித்தான்.

"ஒரு தகட்டுல பொண்டாட்டி அடங்கிட்டா பாரு. நானும் ஒண்ணு வைக்கணும்."

"தாராளமா வை," என்றாள் மார்லிஸ். "என்னிக்கு நான் உன்னப் பாத்து 'நீ சொன்னா சரி'ன்னு சொல்றேனோ, அன்னிக்கு டாக்டரக் கூப்பிடு இன்ஸ்பெக்டரே. எனக்கில்ல, உனக்கு."

அவன் சாக்பீஸுக்குப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். தொழிற்சாலையில் அவனை யாருக்கும் பிடிக்காது, அது அவனுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தால் இவள் 'இன்ஸ்பெக்டரே' என்று இழுத்துக் கிண்டலடிப்பாள். அதற்குப் பிறகுதான் அவனுக்கு மூச்சே சீராக வரும். அவள் இல்லாத ஒரு நாளை அவனால் நினைத்துப் பார்க்க முடியாது. அதை அவளிடம் சொன்னதும் கிடையாது. ஐம்பது வயதாகியும் அவள் கடலைப் பார்த்ததில்லை. பனி விழுவதற்குள் டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு தெற்கே போய்க் கடலைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அவளும் விடுவதாயில்லை, தினமும் பட்டறை வாசலில் நின்று "ஆச்சா, ஆச்சா" என்று பிடுங்கினாள்.

மேல்கூட்டைச் சங்கிலி போட்டுப் பட்டறை உத்தரத்தில் தூக்கிக் கட்டினான். மக்கிய தரைப்பலகைகளைப் பெயர்த்தான். பின்கோடிக் கட்டத்துக்கு மேலே இருந்த பலகையின் அடிப்புறம் முழுக்கக் கரிந்திருந்தது. பலகையை எடுக்காமலே கீழே வெல்டிங் வைத்தால் கரியாமல் என்ன செய்யும்? எந்த மடையனாவது அப்படிச் செய்வானா என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கிரைண்டரைத் தகட்டின் விளிம்பில் கொடுத்தான்.

தகடு விழுந்தது. உள்ளே ஒன்றுமில்லை. மற்றக் கட்டங்களில் எலிக்கூடு, குளவிக்கூடு, வாதுமை ஓடு, மக்காச்சோளக் கட்டை என்று வாரி வாரிக் கொட்டியிருந்தான். இதில் ஒரு தூசு இல்லை. துருவும் இல்லை. குறுக்குச் சட்டங்கள் பளபளவென்று, ஆயிரம் பேர் பிடித்து ஏறிய மாடிப்படிக் கைப்பிடி மாதிரி வழவழப்பாகத் தேய்ந்திருந்தன. முகப்பவுடரும் ஈரத் தலையணையும் கலந்த மாதிரி ஒரு வாடை எழுந்து, நின்று, போய்விட்டது.

மார்லிஸ் காப்பியோடு வந்தவள், கழற்றிய தகட்டின் அருகே குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

"இந்த மூலையப் பாரு. எவ்வளவு அழகா ஆரம்பிச்சிருக்காரு. இவருக்கு வேல தெரியும் டெல்மர். போகப் போகத்தான் கை நடுங்கியிருக்கு."

"குடிச்சிருப்பான்."

"பலக கருகறதக்கூடப் பாக்காம வச்சிருக்காரு. ஏதோ அவசரம். திருப்பி மூடிடு."

அவன் மஞ்சள் சாக்பீஸை எடுத்துத் தகட்டின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தான். அவ்வளவுதான் அவள் கருத்துக்கு மரியாதை.

துருப் பிடிக்காமல் இருக்கச் சட்டம் முழுக்க ரெட் ஆக்சைடு அடித்தான். காலையில் பார்த்தால் எல்லாக் கட்டமும் காய்ந்திருக்க, பின்கோடிக் கட்டத்தில் மட்டும் பூச்சு சுத்தமாக வழிக்கப்பட்டிருந்தது. பெயிண்ட் விற்றவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினான். மறுபடி அடித்தான், மறுபடி வழித்திருந்தது. இன்னொரு நாள் சாயங்காலம், அளவு நாடாவைத் தேடிக்கொண்டே "மார்லிஸ்?" என்றான். "ம்," என்று முதுகுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் இருந்து பதில் வந்தது. திரும்பினால் வெறும் சட்டம்தான். ஜன்னல் வழியே பார்த்தால் அவள் முற்றத்துக்கு அப்பால் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் காது கெட்டுவிட்டது என்று அதற்கும் ஒரு முடிவு கட்டினான். ஆனால் அன்றிலிருந்து பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

புதுப் பலகை போட்டு, கூட்டை இறக்கிச் சட்டத்தோடு பூட்டுகிற நாள் வந்தது. நவம்பர் மாதம், மத்தியானமே மங்கலாக இருந்தது, தகரக் கூரையில் ஆலங்கட்டி விட்டுவிட்டு விழுந்தது. பூட்டுவது இரண்டு பேர் வேலை. மேலே டிரெய்லருக்குள் ஒருவர் போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடிக்க வேண்டும், கீழே மல்லாந்து கிடப்பவர் நட்டை முறுக்க வேண்டும். நடுவில் பலகை இருப்பதால் கத்தினாலும் சரியாகக் கேட்காது. அதனால் தொழிற்சாலையில் எல்லோரும் தட்டித்தான் பேசுவார்கள். ஒரு தட்டு என்றால் பிடித்துவிட்டேன், முறுக்கு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டுக் கேட்டால் மறுபேச்சு இல்லாமல் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காதவனுக்கு விரல் போகும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே டெல்மர்தான்.

மார்லிஸ் தன் சிவப்பு ரப்பர் பூட்ஸோடு உள்ளே ஏறினாள். ஒரு தட்டு, அவன் முறுக்கினான். ஒரு தட்டு, முறுக்கினான். அவள் கணக்காகச் செய்தாள். ஒவ்வொரு கட்டமாக முடித்து அலுமினியத் தகட்டைத் தூக்கி ரிவெட் ஆணி அடித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தான். பின்கோடியின் கடைசி போல்ட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. பிறகு மேலே ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம். ஏதோ இழுபட்ட மாதிரி ஒரு சத்தம். அந்தப் பவுடர் வாடை. தும்மிவிட்டு, கடைசி அலுமினியத் தகட்டைத் தூக்கி முதல் ரிவெட்டை அடித்தான்.

தட், தட்.

போல்ட்டே மிச்சமில்லை, இவள் எதை நிறுத்தச் சொல்கிறாள்? அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குடிகாரனின் தகட்டைப் போட்டு அந்தக் கட்டத்தை இவன் மூடவில்லையே, அதற்குத்தான் இந்த ஆர்ப்பாட்டம். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த ரிவெட்டை அடித்தான்.

தட், தட். தட், தட்.

"தட்டு, தட்டு. கை வலிக்கிற வரைக்கும் தட்டு," என்று முணுமுணுத்துக்கொண்டே வரிசையாக அடித்து முடித்தான். அழகான வரிசை. அவனே சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வந்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

சிவப்பு பூட்ஸ் படியிறங்கி அவன் தலைமாட்டில் வந்து நின்றது.

"முடிஞ்சிதா?" என்றது மார்லிஸின் குரல்.

"முடிஞ்சிது. எதுக்கு அந்தத் தட்டு தட்டின?"

"சும்மா."

தட், தட்.

அவன் மூக்குக்கு நேர் மேலே. பலகைக்கு மேலிருந்து அல்ல, தகட்டின் மறுபக்கத்திலிருந்து. தகடு அதிர்ந்து அவன் நெற்றியில் துரும்பு விழுந்தது.

டெல்மர் அசையவில்லை. பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே ஆறு அங்குலம். ஆறு அங்குலத்தில் எலி போகும், பூனை போகும், மனுஷன் போக மாட்டான். அவன் மூளை அந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டு சுற்றியது. மனுஷன் போக முடியாது. அப்படியானால் உள்ளே இருப்பது மனுஷன் இல்லை. அதைத்தான் ஓர்வல் அடைத்து வைத்திருக்கிறான். அதைத்தான் நான் திறந்துவிட்டேன்.

தகடு மெல்லக் கீழ்நோக்கிப் புடைத்தது. ஒரு ரிவெட் தெறித்து அவன் கன்னத்தில் பட்டது. இன்னொன்று.

"மார்லிஸ்! அந்தப் பழைய தகட்ட எடு! சீக்கிரம்!"

"நீ சொன்னா சரி," என்றது பூட்ஸின் பக்கமிருந்து வந்த குரல்.

பழைய தகடு தரையில் உரசிக்கொண்டு உள்ளே வந்தது. மஞ்சள் பெருக்கல் குறி அவன் முகத்துக்கு நேரே. அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்கு எல்லாம் இப்போது நேரமில்லை. தோள்பட்டையால் முட்டுக் கொடுத்துத் தூக்கினான். மேலே புதுப் பலகை இருந்தது, கரியும். கரிந்தால் கரியட்டும். வெல்டிங் முகமூடியைத் தலையில் மாட்டிக்கொண்டு, ராடைச் செருகிக்கொண்டு, "ஒரு கை குடு, பிடி" என்று கத்தினான். பக்கவாட்டிலிருந்து ஒரு கை நீண்டு வந்து தகட்டைத் தாங்கிப் பிடித்தது. மார்லிஸின் கை. அவள் மோதிரம்.

முகமூடியைக் கண்மேல் சரிப்பதற்கு முன்னால் ஒரு நொடி பூட்ஸைப் பார்த்தான். வலது பூட்ஸ் இடது காலில் இருந்தது.

"மெதுவாவே செய். கடலுக்கு என்ன அவசரம்."

சரித்துவிட்டான். இருட்டு. ராடை உரசினான். வெளிச்சம்.

மூலையில் அழகாகத்தான் ஆரம்பித்தான். ஒரே சீராக, அடுக்கிவைத்த நாணயங்கள் போல ஓர் அங்குலம், இரண்டு அங்குலம். அப்போது தகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, நெஞ்சு நசுங்குகிற ஆளின் குரல் வந்தது. மூச்சு இல்லாத குரல். கோபமான குரல்.

"இன்ஸ்பெக்டரே... ரெண்டு தட்டு தட்டினேனேடா..."

கை நடுங்கியது. வெல்டிங் வளைந்தது. சொட்டியது. காக்கை எச்சம்.

நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வெளிச்சம் அணையும். அணைந்தால் முகமூடியைத் தூக்க வேண்டும். குனிந்து தகட்டைப் பிடித்திருக்கிறதே, அதன் முகம் அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. பவுடர் வாடையோடு அதன் மூச்சு முகமூடியின் ஓரமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

கருப்புக் கண்ணாடிக்குள் தெரிந்ததெல்லாம் இரண்டே இரண்டு. உருகி வழிகிற இரும்பு. அதை ஒட்டி அந்தக் கை. பழுத்துச் சிவந்த தகட்டின் மேல் ஐந்து விரலும் படிய வைத்திருந்தது. மோதிரம் சிவந்துவிட்டது. புகையவில்லை. கை இழுத்துக்கொள்ளவில்லை.

"ரொம்ப நல்லா வருது," என்றது.

தட், தட்.

அவன் அழுதுகொண்டே வெல்டிங் வைத்தான்.

தட், தட்.

ராடு உருகிக் குறைந்து விரல் அளவுக்கு வந்துவிட்டது.