உலக்கைப் பேனா

பறந்து வந்த மரச்சில்லு நேராக அவளுடைய டீ கிளாஸுக்குள் விழுந்தது.

திரும்பினாள். அடுத்த லேத்தில் ஒருவன் உளியும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றான். பேனாவுக்காகக் கம்பியில் கோத்துக் கடைந்த கட்டை பாதியாகப் பிளந்திருந்தது. சனிக்கிழமைகளில் மரம் கடையும் லேத்தை வாடகைக்கு விடும் அந்தப் பட்டறையில் அப்போது அவர்கள் இருவர் மட்டுமே. வெளியே ஓயாத மழை...

"சாரிங்க..."

"பரவாயில்ல. டீயில சக்கரை பத்தல, மரமாவது இருக்கட்டும்." மிஞ்சிய கட்டையைப் பார்த்தாள். கட்டைவிரலைவிடத் தடிமன். "ஆமா, இது பேனாவா, உலக்கையா?"

சிரிப்பான் என்று பார்த்தாள். அந்தப் பெரிய கண்கள் சட்டென்று இருண்டன. லேத்தை நிறுத்திவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

ரொம்பத்தான் ரோஷம்... என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வாரம் முழுக்க, நோயாளிகளின் கடைவாய்ப் பல்லைப் பார்த்தாலும் அந்தக் கண்களே தெரிந்தால் பல் டாக்டர் என்னதான் செய்வாள்?

பட்டறைக்கார அக்காவிடம் விசாரித்தாள்.

"பஸ் ஓட்டுற தம்பிம்மா அது. அவங்க அம்மாவுக்கு முடக்குவாதம், விரலெல்லாம் வீங்கிப்போச்சு. மெல்லிசுப் பேனாவைப் பிடிக்க முடியல. குறுக்கெழுத்துப் போடாம அவங்களால இருக்கவும் முடியல."

அவளுக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமே இல்லாத நாக்கு அவளுடையது. இருந்தும் அடுத்த சனிக்கிழமை, கோடி லேத்தில் ஒதுங்கி நின்றவனிடம் தானே போனாள்.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்புதான்."

அவன் உளியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கட்டை உடைஞ்ச கடுப்பு எனக்கு. உங்க மேல காட்டிட்டேன்."

"காட்டுங்க, என்ன பண்றீங்கன்னு பாப்போம்... உளி மழுங்கிக் கிடக்கு. வெட்டலன்னு அழுத்துறீங்க, அதான் பிளக்குது."

"பிரேக்கை அழுத்திப் பழகின ஆளுங்க நான்."

"அழுத்துறது காலுதானே? கை என்ன பாவம் பண்ணுச்சு?"

இப்போது சிரித்தான். இருவரும் உளியைச் சாணை பிடித்தார்கள். கம்பியின் முனையில் அவன் முறுக்கி வைத்திருந்த நட்டை அவள் தளர்த்தினாள். "இவ்வளவு இறுக்கினா கம்பி வளைஞ்சு, பேனா கோணலாயிரும்."

புதுக் கட்டையில் உளியைப் பட்டும் படாமல் வைத்தான். சீவல் ரிப்பன்போல் சுருண்டு சுருண்டு வந்தது. அவன் மூச்சுக்கூட விடவில்லை... அவளும்தான்.

அதற்கடுத்த வாரம் வெறும் கையோடு வந்து நின்றான்.

"அம்மா ரெண்டு நாளா பேனாவைக் கீழ வைக்கல. உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"வர்றேனே. நீங்க இன்னிக்கு என்ன கடையப் போறீங்க?"

"ஒண்ணுமில்ல. வேலை முடிஞ்சுது... ஆனா வராம இருக்க முடியல." காது மடல் சிவந்தது. "உங்களைப் பாக்கத்தாங்க வந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் தன் லேத்தை நிறுத்தினாள். சுழற்சி அடங்கும்வரை காத்திருந்தாள்.

"கதவு திறக்கிறப்பெல்லாம் நீங்கதானான்னு பாத்து, காலையிலேர்ந்து ரெண்டு கட்டையை உடைச்சிட்டேன்" என்றாள் மெல்ல. "எனக்கும்தான்."